வெள்ளைக் கோட்டும் வல்லக்கோட்டையும்

இந்த வாரக் கடிதக் கட்டு வல்லக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலிருந்து. டாக்டர் படிப்பு, நர்ஸ் படிப்பு, அவற்றில் வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலரும் சொன்னதால் தொழிலும் ஊரும் மட்டும்.

டீக்கடைக்காரர், வல்லக்கோட்டை
கே: டாக்டர்கள் ஏன் வெள்ளைக் கோட்டு போடுகிறார்கள்?

ப: 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேலைநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து வார்டுக்கு வந்த உடுப்பு. அதற்கு முன் அங்கே டாக்டருக்குக் கறுப்புக் கோட்டுதான். நமக்கு அதை மாட்டிவிட்ட இங்கிலாந்து, நீளக் கையில் கிருமி ஏறும் என்று 2007இல் முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்று அறிவித்துவிட்டது. கொடுத்தவர் கழற்றிவிட்டார், வாங்கியவர் இன்னும் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

பிளஸ் டூ மாணவி, ஸ்ரீபெரும்புதூர்
கே: சென்னை மருத்துவக் கல்லூரிக்கு எத்தனை வயது?

ப: 1835 பிப்ரவரி 2இல் மருத்துவப் பள்ளியாகப் பிறந்தது, 1850இல் கல்லூரி ஆனது. அதே 1835 பிப்ரவரி 2ஆம் தேதியிட்டதுதான் இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வி போதும் என்ற மெக்காலேயின் குறிப்பு. தேதி ஒத்துப்போனது தற்செயல். திசை ஒத்துப்போனது தற்செயல் இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாலாஜாபாத்
கே: அதற்கு முன் நம் மொழிகளில் மருத்துவம் சொல்லித்தர ஏற்பாடே இல்லையா?

ப: இருந்ததே! 1822இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியே ஒரு 'நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷன்' நடத்தியது. ஐரோப்பிய வைத்தியத்தோடு ஆயுர்வேதம், யுனானி நூல்களும் பாடம். பயிற்று மொழி உள்ளூர் மொழி. பிணமறுத்துப் படிக்க வழியில்லை, படிப்பு ஆழமில்லை என்று கவர்னர் ஜெனரல் பென்டிங்க் போட்ட குழு சொன்னது. குறை உண்மைதான். ஆனால் 1835இல் பள்ளியையே இழுத்து மூடினார்கள். காலில் முள் என்றால் முள்ளை எடுப்பது வைத்தியம். காலை எடுப்பது நிர்வாகம்.

லாரி ஓட்டுநர், சுங்குவார்சத்திரம்
கே: நம் மேல் அவ்வளவு அக்கறையா? எதற்கு நமக்கு டாக்டர் படிப்பு தந்தான்?

ப: சென்னை பொது மருத்துவமனை 1664இல் கோட்டைக்குள் தொடங்கியதே கம்பெனியின் சிப்பாய்கள் காய்ச்சலில் படுத்ததால்தான். சீமையிலிருந்து சர்ஜனைக் கப்பலேற்றினால் செலவு அதிகம். கை உதவிக்கு ஆள் இங்கேயே தயாரானால் மலிவு. ஆகவே ஆரம்பத்தில் தயாரானது முழு டாக்டர் இல்லை, டாக்டருக்குக் கீழே நிற்கிற ஆள். பட்டாளத்தின் நாடி பார்த்து மிச்ச நேரத்தில்தான் ஊரின் நாடி.

போட்டித் தேர்வு எழுதும் இளைஞர், படப்பை
கே: இந்தியன் மெடிக்கல் சர்வீஸில் இந்தியர் சேர முடிந்ததா?

ப: 1855இல் போட்டித் தேர்வு வந்ததும் முடிந்தது. வங்காளத்துக்காரர் சூர்ஜோ குமார் சக்ரவர்த்தி முதல் தேர்விலேயே தேறினார். தேர்வு மையம் எங்கே தெரியுமா? லண்டன். வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்று. கப்பல் டிக்கெட்டுக்குக் காசிருந்தவன் மட்டும் அதைப் பார்த்தான்.

அரசுப் பள்ளி மாணவியின் அப்பா, எழிச்சூர்
கே: அதெல்லாம் பழைய கதை. இப்போது எல்லாருக்கும் ஒரே தேர்வுதானே?

ப: அன்று கப்பல் டிக்கெட், இன்று கோச்சிங் கட்டணம். அதனால்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் சட்டமாகவே கொண்டுவந்தது. உங்கள் மகள் படிக்கட்டும் ஐயா. அந்த இடம் சலுகை இல்லை, பழைய கடனின் ஒரு தவணை.

மருந்தாளுநர், ஒரகடம்
கே: டாக்டருக்குக் கீழே உதவி டாக்டர், அவருக்குக் கீழே டிரஸ்ஸர் என்று படிக்கட்டு போட்டது இந்தியாவில் மட்டும்தானா?

ப: ஆண்ட இடமெல்லாம் அதே படிக்கட்டு. டச்சுக்காரன் 1851இல் பத்தாவியாவில் 'ஜாவா டாக்டர்' பள்ளி வைத்தான். ஆங்கிலேயன் 1885இல் பிஜித் தீவின் சுவாவில் பள்ளி திறந்து 'நேட்டிவ் மெடிக்கல் பிராக்டிஷனர்' என்று பட்டம் கொடுத்தான். பிரெஞ்சுக்காரன் 1918இல் டக்காரில் துணை டாக்டர்களைத் தயாரித்தான். உகாண்டாவின் மக்கரேரேயில் 1924இல் தொடங்கியது. ஊர் நான்கு, கொடி மூன்று, யோசனை ஒன்றே ஒன்று: வேலை முழுசாகச் செய், பெயர் அரையாக வைத்துக்கொள்.

அதே மருந்தாளுநர்
கே: படித்தவர்கள் சும்மாவா இருந்தார்கள்?

ப: அந்த ஜாவாப் பள்ளி பிறகு ஸ்டோவியா என்று வளர்ந்தது. அதன் மாணவர்கள் 1908 மே 20 அன்று 'புடி உத்தோமோ' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இந்தோனேசியா இன்றைக்கும் அந்த நாளைத் தேசிய எழுச்சி நாளாகக் கொண்டாடுகிறது. அம்மை குத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். பையன்கள் அடிமைத்தனமும் ஒரு தொற்று என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

விவசாயி, செரப்பணஞ்சேரி
கே: எங்கள் தாத்தா காலத்தில் 'எல்.எம்.பி. டாக்டர்' என்று ஒருவர் ஊருக்குள்ளேயே இருப்பாராம். அந்தப் படிப்பு எங்கே போயிற்று?

ப: போர் குழு போட்ட கோட்டில் போயிற்று. சண்டை இல்லை, சர் ஜோசப் போர் என்ற தலைவரின் பெயர். 1946இல் அந்தக் குழு அறிக்கை தந்தபோது நாட்டில் பதிவான டாக்டர்கள் ஏறக்குறைய 47,500 பேர். அதில் 30,000 பேர் போல இந்த எல்.எம்.பி. மாதிரி லைசென்ஷியேட்டுகள். எல்லாருக்கும் ஒரே தரம், ஒரே எம்.பி.பி.எஸ். என்றது குழு. ஏழைக்கு அரை டாக்டர் என்ற நிலை ஒழிய வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. ஆனால் முழு டாக்டரைக் கிராமத்தில் தங்கவைக்கும் வழியை நாடு முழுக்கப் போட்டு முடிக்கவில்லை. தரம் ஏறியது, டாக்டரும் பஸ் ஏறிவிட்டார்.

கல்லூரி மாணவர், குன்றத்தூர்
கே: நம் டாக்டர் பட்டத்துக்கு மதிப்புண்டா இல்லையா என்று முடிவு செய்தது யார்?

ப: ரொம்ப காலம் லண்டன் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். பிரசவப் பயிற்சி போதவில்லை என்பதைப் பெரிய குறையாகச் சொல்லி, 1930இல் இந்தியப் பட்டங்களுக்கு அங்கீகாரத்தை நிறுத்தியது. அந்த அடியில்தான் 1933இல் இந்திய மெடிக்கல் கவுன்சில் சட்டம் வந்தது. 1938இல் மெட்ராஸ் ஏ. லட்சுமணசாமி முதலியார் பிரசவ மருத்துவத்துக்கே பாடநூல் எழுதினார். தலைமுறை தலைமுறையாகப் பதிப்பு மேல் பதிப்பு. எந்தப் பாடத்தில் ஃபெயில் போட்டார்களோ, அந்தப் பாடத்துக்கே வாத்தியாரானார்.

நூலகர், ஸ்ரீபெரும்புதூர்
கே: அந்த முதலியாரைப் பற்றி இன்னொரு தகவல்?

ப: சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவர். பதவியேற்றது 1939. கல்லூரி பிறந்து 104 ஆண்டுகள் ஆகியிருந்தன. நூறு வருடமாகத் தகுதியானவர் கிடைக்கவில்லை என்பதை நம்புகிறவர்களுக்குத் தனி வார்டு தேவை.

இல்லத்தரசி, மணிமங்கலம்
கே: பெண்கள் டாக்டராவதில் நம் ஊர் பின்தங்கியிருந்ததா?

ப: முன்னால் நின்றது, அம்மா! எடின்பரோ பல்கலைக்கழகம் ஏழு பெண்களைச் சேர்த்துவிட்டுப் பட்டம் தர மறுத்தது. 1873இல் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. இரண்டே வருடத்தில், 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களுக்குக் கதவைத் திறந்தது. மேரி ஷார்லீப் அதில் ஒருவர். லண்டன் பல்கலைப் பட்டம் பிறகுதான் வாங்கினார். 1912இல் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி டாக்டராகி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையே எழுப்பினார். ஆண்ட ஊர் வாசலில் தயங்கியபோது ஆளப்பட்ட ஊர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டது.

நர்ஸ், ஒரகடம்
கே: சார், இருபது வருட அனுபவம் எனக்கு. நேற்று வந்த டாக்டர் முன்னால் நான் ஏன் இன்னும் கைகட்டி நிற்கிறேன்?

ப: தங்கச்சி, உங்கள் தொழிலை இங்கே கொண்டுவந்து நட்டவர்கள் பட்டாளத்துக்காரர்கள். அதிகாரி வந்தால் எழு, கேட்டால் பேசு, சொன்னதைச் செய் என்பது ராணுவ ஆஸ்பத்திரிப் பழக்கம். பட்டாளம் போய்விட்டது, சல்யூட் போகவில்லை. 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் நர்ஸிங்கில் பட்டப்படிப்பே வந்துவிட்டது. வார்டில் மட்டும் இன்னும் பட்டாளத்துக் காலம் நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் கவனிப்பது நீங்கள். முதலில் கவனிப்பவருக்கு முதலில் பேசும் உரிமை உண்டு.

பாட்டி, வைப்பூர்
கே: நான் நாலு பிள்ளையை வீட்டிலேயே பெற்றேன். மருத்துவச்சி அறியாதவள் என்று சொன்னார்களே, நியாயமா?

ப: பாதி நியாயம், பாட்டி. தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைக் கொதிக்க வைக்கச் சொன்னது உயிர் காத்த பாடம். அதற்கு ஆயிரம் கும்பிடு. 1903இல் வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர விக்டோரியா நிதி திரட்டினார். பாடம் எடுத்தார்கள், பாடம் கேட்கவில்லை. குந்தியும் சாய்ந்தும் பிள்ளை பெற்றவளை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம் என்ன சொன்னது? நிமிர்ந்த நிலை உட்பட, தாய்க்கு வசதியான நிலையில் பெறட்டும் என்றது. உங்கள் மருத்துவச்சி ஜெனீவாவுக்குக் கடிதம் போடாதது ஒன்றுதான் குறை.

கிராம சுகாதார செவிலியர், மாத்தூர்
கே: வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்ததில் நல்லதே இல்லையா?

ப: உண்டு, அதில் நீங்களும் ஒரு கண்ணி. பொதுச் சுகாதாரத்துக்கென்றே இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது மெட்ராஸ் மாகாணம், 1939இல். அப்போது ஆண்டது தேர்தலில் வென்று வந்த ராஜாஜி அமைச்சரவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோய் வந்த பின் பார்ப்பதற்கு ஒரு துறை, வராமல் பார்ப்பதற்குத் தனித் துறை என்று தமிழ்நாடு இன்றும் வைத்திருப்பதன் வேர் அந்தக் காலத்தது. பரம்பரைச் சொத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டும். நிலத்தையே தூக்கி எறியக் கூடாது.

பொறியியல் படிக்கும் இளைஞர், மாம்பாக்கம்
கே: தமிழில் மருத்துவம் படிக்க முடியும் என்பது மேடைப் பேச்சுதானே?

ப: நடந்து முடிந்த சரித்திரம், தம்பி. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1848இல் மருத்துவ வகுப்பு தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில். படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் பறந்துவிட்டார்கள், ஊரில் தங்கவில்லை. 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று புத்தகம் புத்தகமாக அச்சாயின. அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கு மேல். வந்தது மதம் பரப்ப; விட்டுப்போனது மருத்துவத் தமிழ். நாம் ஆகுமா ஆகாதா என்று பட்டிமன்றம் நடத்துவதை 150 வருடத்துக்கு முன்பே ஒருவர் பரீட்சை வைத்து முடித்துவிட்டார்.

அதே இளைஞர்
கே: பிறகு ஏன் நின்றுபோனது?

ப: 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி வந்தது. அரசாங்கத்தின் முத்திரை, சம்பளம், பதவி எல்லாம் அந்தப் பக்கம் போயின. கிறீனும் 1873இல் ஊர் திரும்பினார். தமிழ் தோற்கவில்லை, அதற்குச் சம்பளம் கிடைக்கவில்லை.

மென்பொருள் ஊழியர், சிங்கப்பெருமாள் கோயில்
கே: ஆங்கிலத்தை விட்டால் உலக அறிவு போய்விடாதா?

ப: விட வேண்டாம். ஜப்பான் 1871இல் ஜெர்மன் டாக்டர்களை வரவழைத்துப் பாடம் கேட்டது. கற்றதும் தன் மொழியில் தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. ஆராய்ச்சிக் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கட்டும். 'வலி எங்கே, எப்போதிலிருந்து, எதைச் செய்தால் குறைகிறது' என்று கேட்பதற்குப் பயிற்சி நோயாளியின் மொழியில் நடக்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத பாடத்தை எந்தப் பிள்ளை படித்தது?

ஆலை மேற்பார்வையாளர், வடகால்
கே: எங்கள் லைனில் ஒடிசா, பீகார் பையன்கள் பாதிப் பேர். அவர்களுக்கு எந்த மொழி டாக்டர்?

ப: ஒரகடம் கூட்டுரோடு கிளினிக் ஒன்றில் நான் பார்த்தது. ஒடியாப் பையன் நெஞ்சைத் தடவுகிறான். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார். கூட வந்த பீகார்த் தோழன் இந்தியில் ஒன்று சொல்கிறான். கம்பவுண்டர் தமிழில் சுருக்குகிறார்: "கேஸ் டிரபிள் சார்." பையன் கையை இடது தோளுக்குக் கொண்டுபோனான், அது மட்டும் யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்தது. நல்ல வேளை, டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஈ.சி.ஜி. எடுத்தார். நோயாளியின் வாயை விட அவன் விரலைப் படிக்கத் தெரிந்தவர்தான் இந்த ஊருக்கு டாக்டர். கல்லூரி அதைச் சொல்லித்தரட்டும்.

பெயின்ட் ஷாப் தொழிலாளி, ஒரகடம்
கே: எங்கள் ஆலை மருத்துவ அறையில் என்னிடம் எல்லாம் கேட்டார்கள், என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை. தப்புதானே?

ப: 1700இலேயே தப்பு. இத்தாலிய டாக்டர் ராமசினி அந்த ஆண்டு வெளியிட்ட நூலில் 'என்ன தொழில் செய்கிறாய்?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேள் என்று எழுதிவைத்தார். பிரிட்டிஷ் ஆலைச் சட்டம் 1833இல் சர்ஜனை வேறு வேலைக்குக் கூப்பிட்டது: இந்தப் பிள்ளை ஆலை வேலைக்கு ஆகும் வயது, உடம்பு என்று சான்று கொடு. நம் 1948 ஆலைச் சட்டமும் அந்தச் 'சான்று சர்ஜனை' வாங்கிக்கொண்டது. 500 பேருக்கு மேல் இருந்தால் ஆம்புலன்ஸ் அறை வை என்றும் சொன்னது. கட்டில் இருக்கிறது, ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. பதிவேட்டில் தொழில் என்ற கட்டத்தில் 'தொழிலாளி' என்று எழுதியிருந்தால் அந்த அறை பெஞ்சுக்கு மேல் ஒன்றுமில்லை.

பிரஸ் ஷாப் தொழிலாளி, வல்லம்
கே: எனக்குக் காது மந்தம். டாக்டர் வயசு என்கிறார். வயசு 29.

ப: தகடு அடிக்கிற சத்தம் வயதைக் கூட்டாது தம்பி, காதைத்தான் குறைக்கும். ஆடியோகிராம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுதியும் வாங்குங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த ஆஸ்பத்திரி உங்களுடையது, தயங்காமல் போங்கள். சத்தமாகச் சொல்கிறேன், கேட்கிறதா?

விடுதியில் தங்கும் ஆலைப் பெண், வல்லம் வடகால்
கே: எங்கள் விடுதியில் ஆயிரக்கணக்கான பெண்கள். எங்களுக்கு எப்படிப்பட்ட நர்ஸ் வேண்டும்?

ப: 2024 ஆகஸ்டில் வடகாலில் திறந்த சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 படுக்கை. ஒரு பேரூராட்சியே இருபது வயதில், ராத்திரி ஷிப்டில் இருக்கிறது. ரத்தசோகை, தள்ளிப்போன மாதவிடாய், தூக்கமின்மை, அம்மா ஞாபகம் எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த நர்ஸ் வேண்டும். நர்ஸிங் பாடத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியின் சாயல் நிறைய இருக்கிறது. விடுதி அறையின் சாயலும் வரட்டும்.

ஐ.டி.ஐ. மாணவர், பண்ருட்டி (ஒரகடம்)
கே: ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா வருகிறதே, நமக்கு என்ன லாபம்?

ப: 350 ஏக்கர் என்று திட்டம். வேலை ஒரு லாபம். இன்னொன்றைச் சொல்கிறேன். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர், கறுப்பினத்தவருக்கு ஆக்சிஜன் இறங்கியதை வெள்ளையரை விட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிடுகிறது என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெள்ளை விரலை அளவாக வைத்துப் பழகியதன் விளைவு. ஒரகடத்தில் கருவி செய்பவர்கள் முதல் சோதனையை கேன்டீன் வரிசையில் நிற்கிற விரல்களில் செய்யட்டும்.

இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவி, செங்கல்பட்டு
கே: எங்கள் புத்தகத்தில் 'தோல் சிவக்கும்' என்று இருக்கிறது. வார்டில் யாருக்கும் சிவக்கவில்லை!

ப: புத்தகத்து ஆசாமி வெள்ளைக்காரன், வார்டு ஆசாமி மாநிறம். மலோன் முக்வெண்டே என்ற லண்டன் மருத்துவ மாணவர் இதே கேள்வியைக் கேட்டு, தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் கறுத்த தோலில் நோய்க்குறி எப்படித் தெரியும் என்று கையேடே போட்டுவிட்டார். அவரும் மாணவர், நீங்களும் மாணவி. செல்போன் காமிராவும் நோயாளியின் சம்மதமும் இருந்தால் அடுத்த கையேடு செங்கல்பட்டிலிருந்து வரலாம்.

உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர், இருங்காட்டுக்கோட்டை
கே: எடைக் கணக்கும் வெள்ளைக்காரன் கணக்கா?

ப: ஆரம்பத்தில் ஆமாம். அவர்களுக்கு பி.எம்.ஐ. 25 தாண்டினால் கூடுதல் எடை. நம் ஆட்களுக்குச் சர்க்கரை முன்னாலேயே எட்டிப் பார்ப்பதால் 23 என்று இந்திய மருத்துவர்கள் கோட்டைக் கீழே இழுத்தார்கள். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. கணக்கு நம் உடம்புக்கு ஏற்ப மாறியது பெரிய விடுதலை. அதைக் கொண்டாட அல்வா சாப்பிடாதீர்கள்.

பள்ளி ஆசிரியை, பிள்ளைப்பாக்கம்
கே: மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் இந்தியர் என்று சொல்லலாமா?

ப: பிறந்தது அல்மோரா, 1857. வேலை பார்த்தது இந்தியன் மெடிக்கல் சர்வீஸ், மெட்ராஸ் பிரிவு. கொசு வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்ட், செகந்திராபாத். கொசுக்கடிக்குக் கை கொடுத்தவர் உசேன் கான் என்ற நோயாளி; கடிக்கு ஓரணா கூலி. ராஸுக்கு 1902இல் நோபல். பாடம் நடத்தும்போது உசேன் கானையும் கரும்பலகையில் எழுதுங்கள், டீச்சர்.

ஆய்வக உதவியாளர், தெரேசாபுரம்
கே: வெப்பமண்டல மருத்துவக் கல்லூரிகள் குளிர்நாட்டில் இருப்பது ஏன்?

ப: லிவர்பூல் 1898, லண்டன் 1899. காலனிக்குக் கப்பலேறும் அதிகாரியும் வியாபாரியும் காய்ச்சலில் சாகக் கூடாது என்பது முதல் கவலை. லிவர்பூலுக்குப் பணம் கொடுத்து முன்நின்றவர் ஒரு கப்பல் முதலாளி, லண்டனுக்குத் துணைநின்றவர் காலனி மந்திரி சேம்பர்லேன். கொசு இங்கே, மைக்ராஸ்கோப் அங்கே. இன்றும் நம் காய்ச்சலில் நிபுணராக நம் பிள்ளை அங்கே ஃபீஸ் கட்டுகிறான்.

அதே ஆய்வக உதவியாளர்
கே: நாம் உலகத்துக்குப் பாடம் எடுத்ததே கிடையாதா?

ப: எடுத்தோம், கேளுங்கள். 1956இல் மெட்ராஸில் காசநோய் மையம் தொடங்கியது. ஒரு பாதி நோயாளிகளை சானடோரியத்தில், மறு பாதியை நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டாருக்கும் கூடுதல் தொற்று இல்லை. மலைக்காற்று, முட்டை, பால் என்று கட்டிய சானடோரியங்கள் உலகமெங்கும் காலியாக ஆரம்பித்தன. சேரிக் குடிசைகள் நடத்திய வகுப்பில் ஐரோப்பா பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது.

நர்ஸின் தாய், மதுரமங்கலம்
கே: என் மகள் நர்ஸாக இங்கிலாந்து போகிறேன் என்கிறாள். தடுப்பதா, அனுப்புவதா?

ப: அனுப்புங்கள் அம்மா, அவள் உழைப்புக்கு அவள் விலை சொல்வது நியாயம். நாட்டுக்குத்தான் கணக்கு இடிக்கிறது. இங்கிலாந்து 1948இல் தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கியது. பழைய காலனிகளின் டாக்டர்களும் நர்ஸ்களும் அதைத் தாங்கினார்கள். 1975இல் நம் டாக்டர்களுக்குத் தனித் தேர்வு வைத்து வடிகட்டவும் செய்தார்கள். ஆள் பிடிப்பதிலும் நெறி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் விதிமுறை வகுத்தது. ஆள் எடுக்கும் நாடு பயிற்சிச் செலவில் பங்கு தரட்டும். இங்குள்ள ஆஸ்பத்திரி கௌரவமான சம்பளம் தரட்டும். பாஸ்போர்ட்டைப் பூட்டிவைத்தால் நர்ஸ் நிற்க மாட்டாள், சம்பளத்தைக் கூட்டினால் நிற்பாள்.

சித்த வைத்தியர், ஸ்ரீபெரும்புதூர்
கே: எங்கள் வைத்தியத்தை ஒழித்தது யார்?

ப: வெள்ளைக்காரன் மட்டும் என்றால் கணக்கு தப்பும். 1921இல் மெட்ராஸ் நீதிக்கட்சி அரசு உஸ்மான் குழு போட்டது. 1925இல் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. ஆங்கில வைத்தியமும் அங்கே பாடமாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1960இல், அதே இடம் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக மாறியது. சித்தாவுக்கு 1964இல் பாளையங்கோட்டையில் கல்லூரி. வெள்ளைக்காரன் ஆண்டபோது மாட்டிய பலகையைக் கழற்றியது நம் கை.

அதே சித்த வைத்தியர்
கே: அப்படியானால் நம் வைத்தியமே மேல் என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

ப: பழையது என்பதால் மருந்தாகிவிடாது, பரங்கி தந்தது என்பதால் விஷமாகிவிடாது. மெட்ராஸ் காசநோய் ஆய்வு மாதிரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். ஜெயித்ததைக் கும்பிடுவோம். தோற்றது பாட்டன் சொத்தானாலும் பரணில் போடுவோம்.

வழக்கறிஞர், காஞ்சிபுரம்
கே: மதுரை மருத்துவக் கல்லூரியில் 2022இல் உறுதிமொழிச் சண்டை நடந்ததே, உங்கள் கட்சி எது?

ப: கிரேக்க ஹிப்போக்கிரட்டீஸுக்குப் பதில் சரகர் பெயரில் உறுதிமொழி எடுத்தார்கள், டீன் மாற்றப்பட்டார், சில நாளில் திரும்பவும் வந்தார். ஒன்று கிரேக்கத் தீவிலிருந்து, இன்னொன்று டெல்லி சுற்றறிக்கையிலிருந்து. நோயாளி கட்சியில் நிற்கிறேன்: அவருக்குப் புரிகிற மொழியில், அவர் எதிரில் சொல்லட்டும். சாட்சி இல்லாத சத்தியம் கோர்ட்டில் செல்லுமா, வக்கீல் சார்?

பூக்கடைப் பெண், வல்லக்கோட்டைக் கோயில் வாசல்
கே: கிருத்திகைக்கு இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. ஏன் ஐயா?

ப: நம் வல்லக்கோட்டை முருகன் ஏழடி. அண்ணாந்து பார்க்கிற உயரம் அவருக்கு மட்டும் போதும் தாயி. நின்றபடி அதட்டுவது ஆண்டவர்கள் விட்டுப்போன பழக்கம். பயிற்சியால் வந்தது பயிற்சியால் போகும். அடுத்த முகாமில் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்காருங்கள், மருந்து எதற்கு என்று கேளுங்கள். பதில் சொல்வது டாக்டரின் வேலையில் பாதி.

மருத்துவப் பேராசிரியர், பெயர் வேண்டாம்
கே: குறை சொல்வது எளிது. பாடத்திட்டத்தில் என்ன மாற்றுவீர்கள்?

ப: நாலு விஷயம். ஒன்று: மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் இப்போது இருக்கிறது, அதில் ஆலை விடுதியையும் சேருங்கள். இரண்டு: தொழிலைக் கேட்காமல் எழுதிய நோய் வரலாற்றுக்கு மதிப்பெண் பூஜ்யம். மூன்று: மதுரை அரவிந்தில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுக் கண் மருத்துவத்தின் முதுகெலும்பாக நிற்கிறார்கள், அந்த மாதிரிப் பயிற்சிக்குச் சட்ட மரியாதையும் பதவி உயர்வும் கொடுங்கள். நான்கு: டாக்டரும் நர்ஸும் ஒரு பாடமாவது ஒரே பெஞ்சில் படிக்கட்டும். நாலுக்கும் புதுக் கட்டடம் தேவையில்லை. பழைய நினைப்பை இடித்தால் போதும்.

அதே பேராசிரியர்
கே: இதையெல்லாம் யார் முடிவு செய்வது?

ப: பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு ஒரகடம் நர்ஸையும் பெயின்ட் ஷாப் தொழிலாளியையும் கூப்பிடுங்கள். நாற்காலி இல்லை என்று சொல்லாதீர்கள், சார். விக்டோரியா மகாராணிக்குப் போட்டது இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கிறது. அதில் அவர்களை உட்கார வையுங்கள்.